17.9-ஆ, 21.4-ஆ? கோல்ஃப் ஹேண்டிகேப்பைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன ஐந்து வருடக் கதை

2023 நவம்பரில் பெங்களூரில் ஒரு கோல்ஃப் ஜோடி ஆட்டத்தில் ஜெயித்த ஹாட்பாக்கை அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். யாரும் கேட்கவில்லை. ஆனால் கையில் வைத்துக்கொண்டு காட்பாடி வரைக்கும் ரயிலில் வர மனசு இடம் கொடுக்கவில்லை.

நடந்தது இதுதான். ஹேண்டிகேப் இண்டெக்ஸ் என்பது ஆடுகிறவனின் தரத்தைச் சொல்கிற நம்பர்; அது கூடக் கூட ஆட்டத்தில் கழித்துக்கொள்ளும் சலுகை ஸ்ட்ரோக்கும், அதாவது அடியும், கூடும். என் இந்தியக் கணக்கில் அது 21.4. அதை வைத்துத்தான் அன்று ஆடினேன். ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது எதிர் ஜோடியில் ஒருவர் போனை எடுத்து என் பெயரைத் தேடினார். அவரும் அமெரிக்காவில் கொஞ்ச காலம் இருந்தவர், அங்கத்திய ஹேண்டிகேப் நம்பர் வைத்திருப்பவர். "சார், இதுல 17.9-ன்னு காட்டுதே, இது நீங்கதானா?" என்றார். நான்தான். இரண்டுமே நான்தான். அந்த மைதானத்தின் ஸ்லோப்புக்கு, அதாவது அதன் கஷ்டத்தைச் சொல்கிற எண்ணுக்கு, 3.5 வித்தியாசம் என்றால் 4 ஸ்ட்ரோக். நாங்கள் ஜெயித்தது 2 ஸ்ட்ரோக்கில்.

என் ஜோடி, மேல்விஷாரத்து பாய், வாயே திறக்கவில்லை. காரில் ஏறிய பிறகுதான், "அண்ணே, கடையில ரெண்டு கணக்கு நோட்டு வச்சிருந்தா அதுக்கு ஒரு பேரு இருக்கு" என்றார்.

தோல் பதனிடும் ரசாயனம் விற்கிற ராணிப்பேட்டை ஆளுக்குக் கோல்ஃப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: பாய்தான் காரணம். அவர் ஜெர்மனிக்கு ஷூ அப்பர் அனுப்புகிறவர். வாங்குகிற பார்ட்டி மைதானத்தில்தான் மனம் விட்டுப் பேசுவான் என்று கண்டுபிடித்து 2019-ல் தானும் கற்றுக்கொண்டு என்னையும் இழுத்துவிட்டார். பெங்களூரில் என் சகலை இருக்கிறார். அவர் சிபாரிசில் அங்கே ஒரு கிளப்பில் சேர்ந்தேன். காலை ரயில் பிடித்தால் மதியம் ஆடலாம். இங்கே ஊரில் பயிற்சி என்றால் கோடையில் வற்றிப்போகிற ஏரிதான். ஆடு மேய்க்கிற பையன் பந்தைப் பொறுக்கிக் கொடுப்பான். "ஏன் சார் இவ்ளோ தூரம் அடிச்சிட்டு அப்புறம் தேடுறீங்க?" என்று ஒருநாள் கேட்டான். இன்றுவரை பதில் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "2020-லிருந்து உலகம் முழுக்க ஒரே ஹேண்டிகேப் முறைதானே, பிறகு எப்படி இரண்டு நம்பர்?" இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். முன்பு ஆறு வெவ்வேறு முறைகள் இருந்தன. பிரிட்டனில் ஒன்று, அமெரிக்காவில் ஒன்று, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, அர்ஜென்டினாவுக்கு ஒவ்வொன்று. கோல்ஃப் விதிகளை வகுக்கிற பிரிட்டனின் ஆர் அண்ட் ஏ-யும் அமெரிக்காவின் யுஎஸ்ஜிஏ-வும் சேர்ந்து அவற்றை ஒன்றாக்கி 2020 ஜனவரியில் உலக ஹேண்டிகேப் முறையைக் கொண்டுவந்தார்கள். அதை முதலிலேயே ஏற்ற நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பிரிட்டன் அதே வருடம் நவம்பரில் வந்தது, ஜெர்மனி 2021-ல்.

ஒன்றானது கணக்குப் போடும் விதம் மட்டும். வட்டி போடுகிற சூத்திரம் எல்லா பாங்கிலும் ஒன்றுதான் என்பதற்காக ஒரு பாங்கில் கட்டிய பணம் இன்னொரு பாங்கின் பாஸ்புக்கில் ஏறிவிடாது, இல்லையா? அதே கதைதான். அமெரிக்காவுக்குள் மாநிலச் சங்கங்கள் பல இருந்தாலும் ஒரே நம்பரை வைத்துக்கொண்டு நியூஜெர்சியில் ஆடிய ஸ்கோரையும் புளோரிடாவில் ஆடியதையும் ஒரே கணக்கில் போட்டுக்கொள்ளலாம். அங்கே அந்த நம்பருக்கு 'ஜின்' என்று பெயர். அமெரிக்காவில் மகள் வீட்டில் மாப்பிள்ளை "மாமா, உங்களுக்கு ஒரு ஜின் எடுத்திடலாம்" என்றபோது என் வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது தனிக் கதை. ஆனால் கடல் தாண்டினால் ஸ்கோர் கார்டு தானாக வராது. என் அனுபவத்தில் ஒருமுறைகூட வந்ததில்லை. நாம்தான் தபால்காரன்.

நான் செய்த முதல் தப்பு 2022-ல். மகள் இருக்கும் நியூஜெர்சி எடிசனில் இறங்கிய மறுவாரமே மாப்பிள்ளை புது நம்பர் எடுத்துக் கொடுத்தார். சொந்த மைதானமே இல்லாத கிளப் வழியாகக்கூட அங்கே சேர முடிகிறது. ஏற்கெனவே பெங்களூரில் எனக்கு ஒரு ரெக்கார்டு இருக்கிறது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. புது ஆள் மாதிரி 54 ஹோல், அதாவது மூன்று ரவுண்டு போட்டேன். மூன்றே கார்டு இருந்தால் அதில் நல்லதை எடுத்து 2.0 கழித்து இண்டெக்ஸ் தருவார்கள். மைதானத்தின் கஷ்டத்தைச் சரிக்கட்டிப் பார்த்தால் என் மூன்றில் நல்லது 22.2. வந்தது 20.2. அப்புறம் அந்தக் கோடை முழுக்க மாப்பிள்ளையோடு வாரம் மூன்று ஆட்டம். சூரியன் மறையவே எட்டரை ஆகிறது, புல் மெத்தை மாதிரி இருக்கிறது, பந்து நின்ற இடத்தில் நிற்கிறது. 2023-லும் அதே மாதிரி போய் 17.9-க்கு வந்துவிட்டேன். பெங்களூர்க் கணக்குக்கு இது எதுவுமே தெரியாது. மாதம் இரண்டு ஆட்டம், அதுவும் விடியும் முன்பே எழுந்து ரயில் பிடித்து, பாதித் தூக்கத்தில் ஆடிய ஆட்டம். அங்கே 21.4.

இரண்டு நம்பரும் அதனதன் அளவில் பொய் இல்லை. கடைசி 20 கார்டில் நல்ல 8-இன் சராசரிதான் இண்டெக்ஸ். எந்த 20 என்பதில்தான் வில்லங்கம். எங்கே ஆடினாலும், விதிப்படி ஆடி ரேட்டிங் உள்ள மைதானமாக இருந்தால், அந்த ஸ்கோர் உங்கள் ரெக்கார்டில் ஏற வேண்டும். ஏற்றுகிற பொறுப்பு ஆடுகிறவனுடையது. இது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. சேரும்போது கொடுத்த காகிதத்தில் இருந்தது. படிக்கவில்லை.

ஹாட்பாக்குக்குப் பிறகு ஒரு நோட்டு போட்டேன். பாய் கொடுத்த ஆட்டுத்தோல் அட்டை போட்ட நோட்டு. எந்த ஆப்பையும் விட இதுதான் எனக்கு உதவியது. ஒவ்வொரு ரவுண்டுக்கும் தேதி, மைதானம், டீயின் (முதல் அடி அடிக்கிற இடத்தின்) நிறம், கோர்ஸ் ரேட்டிங் (தேர்ந்த ஆட்டக்காரர் அங்கே எடுக்கக்கூடிய ஸ்கோர்), ஸ்லோப், பார் (ஹோலுக்கு இத்தனை அடி என்று வகுத்த அளவு), ஹோல் ஹோலாக ஸ்கோர். வெளிநாட்டு மைதானம் நம் பக்கத்து லிஸ்டில் இல்லாவிட்டாலும், ரேட்டிங்கும் ஸ்லோப்பும் கையில் இருந்தால் கணக்குப் போட்டுவிடலாம். ஸ்கோரிலிருந்து கோர்ஸ் ரேட்டிங்கைக் கழித்து, 113-ஆல் பெருக்கி, ஸ்லோப்பால் வகுக்க வேண்டும். 113 என்பது நடுத்தரக் கஷ்டம். 55-லிருந்து 155 வரை போகும்.

இந்தக் கணக்கு புரிந்த அன்றுதான் ஸ்கோரை மட்டும் வைத்துச் சந்தோஷப்படுவதை விட்டேன். ரேட்டிங் 70.4, ஸ்லோப் 125 உள்ள இடத்தில் 95 அடித்தால் 22.2. ரேட்டிங் 68, ஸ்லோப் 113 உள்ள லேசான இடத்தில் 92 அடித்தால் 24.0. 95 தான் நல்ல ஆட்டம். சகலைக்கு இதை மூன்று தடவை விளக்கியும் இன்னும் 92-ஐத்தான் பாராட்டுகிறார்.

டீ நிறத்தில் கவனம் வேண்டும். ஒரே மைதானம்தான், ஆனால் வெள்ளை டீக்கு ஒரு ரேட்டிங், நீல டீக்கு வேறு. நியூஜெர்சியில் ஒருநாள் வெள்ளையில் 97 ஆடிவிட்டு, அவசரத்தில் நீலத்தைத் தொட்டுவிட்டேன். வெள்ளைக்கு 68.9, 121. நீலத்துக்கு 72.1, 131. வர வேண்டியது 26.2, ஏறியது 21.5. ஒரு விரல் தவறியதில் கிட்டத்தட்ட 5. கமிட்டிக்கு எழுதித் திருத்த வேண்டியதாயிற்று.

அடுத்து, மொத்த ஸ்கோரை மட்டும் அனுப்பாதீர்கள், ஹோல் ஹோலாக அனுப்புங்கள். ஹேண்டிகேப்புக்கு ஒரு ஹோலில் எண்ணப்படுவது அதிகபட்சம் நெட் டபுள் போகி வரைதான், அதாவது பாரோடு 2, அதோடு அந்த ஹோலில் நமக்குள்ள சலுகை ஸ்ட்ரோக். கோர்ஸ் ஹேண்டிகேப் (அந்த மைதானத்தில் நமக்கு வரும் சலுகை ஸ்ட்ரோக்) 22 என்றால் எல்லா ஹோலுக்கும் ஒரு ஸ்ட்ரோக், கஷ்டமான முதல் நான்கு ஹோலுக்கு இன்னொன்று. பார் 4, ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 3 (கஷ்ட வரிசையில் மூன்றாவது) உள்ள ஹோலில் தண்ணீரில் மூன்று பந்து போட்டு 11 எடுத்தேன் என்று வையுங்கள். கணக்குக்கு 8 தான். மொத்தத்தை மட்டும் கொடுத்தால் இந்த 3-ஐ யார் குறைப்பது? நாமே செய்யலாம், ஆனால் பயணக் களைப்பில் ராத்திரி பதினொன்றுக்கு அந்தக் கணக்கு ஓடாது. ஆடிய நாளே போட வேண்டும் என்பதும் விதி.

பெங்களூர்ப் பக்கம் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன், கிளப் பெயர் வேண்டாம். வெளியூரிலிருந்து வாட்ஸப்பில் கார்டு படம் அனுப்பினால் ஏற்றிவிடுவோம் என்றார்கள். 2024 கோடையில் 9 கார்டு அனுப்பினேன். நீல டிக் வந்தது. பதினொரு வாரம் அவ்வளவுதான். நேரில் போய் நின்ற பிறகு ஒரே மதியத்தில் அத்தனையும் ஏறின. நல்லவேளை, ரெக்கார்டு ஆடிய தேதிப்படி அடுக்கிக்கொள்கிறது, ஏற்றிய தேதிப்படி அல்ல. இப்போது மெயிலில் அனுப்புகிறேன், ஒரு கார்டுக்கு ஒரு மெயில், ரேட்டிங்கும் ஸ்லோப்பும் அச்சிட்ட பக்கத்தையும் சேர்த்து. இரண்டு நாளில் ஏறுகிறது.

சீசன் விஷயம் வேலூர்க்காரனுக்கு விநோதம். நமக்கு ஆட முடியாத காலம் என்றால் அக்னி நட்சத்திரம். நியூஜெர்சியில் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை ஸ்கோர் ஹேண்டிகேப்புக்குச் சேராது, குளிர். டிசம்பரில் ஒருநாள் வெயில் அடிக்க, வாழ்நாள் ஆட்டமாக 88 அடித்தேன். சேரவில்லை. ஆனால் அதே டிசம்பரில் பெங்களூரில் ஆடியிருந்தால் அமெரிக்கக் கணக்கிலும் போட்டே ஆக வேண்டும். ஆளின் ஊர் கணக்கில்லை, மைதானத்தின் ஊர்தான் கணக்கு. அங்கே தனியாக ஆடியதும் சேராது. கூட ஒருவர் இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு ஆபீஸ் இருந்த நாள்களில் நான் ஆடியதெல்லாம் உடற்பயிற்சியாகப் போயிற்று.

2024-ல் ஒன்பது ஹோல் விதி மாறியது பயணிகளுக்குப் பெரிய உபகாரம். முன்பு ஒரு ஒன்பது ஆடினால் இன்னொரு ஒன்பது வரும்வரை அது தொங்கிக்கொண்டிருக்கும். இப்போது மீதி ஒன்பதுக்கு நம் தரத்துக்கு எதிர்பார்க்கிற அளவைச் சேர்த்து உடனே ஏற்றிவிடுகிறார்கள். மாப்பிள்ளை ஆபீசிலிருந்து வந்த பிறகு சாயங்காலம் ஒன்பது ஆடுவது எங்கள் வழக்கம் என்பதால் அந்த வருடம் என் கார்டுகளில் பாதி இப்படி ஏறியவைதான்.

ஜெர்மனியில் ஒருமுறைதான், பாயோடு. அங்கே பல கிளப்பில் ஹேண்டிகேப் காட்டாமல் வெளியாளை மைதானத்துக்குள் விடுவதில்லை. இந்தியச் சான்றிதழை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன், வரவேற்பில் இருந்த அம்மா ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பாய் போனில் காட்ட முயன்று நெட் கிடைக்காமல் பத்து நிமிடம் நின்றார். காகிதம் எடுத்துப் போங்கள்.

அடிக்கடி வெளிநாடு போகாதவர்களுக்கு இவ்வளவு தொல்லை வேண்டாம். இந்தியாவில் ஒரே ரெக்கார்டு போதும், திரும்பி வந்து கார்டைக் கொடுங்கள். வருடத்தில் இரண்டு மூன்று மாதம் அங்கே தங்குகிறவர்கள் இரண்டு நம்பர் வைத்துக்கொள்வதானால் ஒவ்வொரு கார்டையும் இரண்டிலும் போடுங்கள். முடியாதென்றால் ஒன்றை மூடிவிடுங்கள். இரண்டையும் அரைகுறையாக வைத்திருந்தால் என்றாவது ஒரு ஹாட்பாக் வரும்.

இப்போது என் இரண்டு நம்பர்: இந்தியாவில் 18.9, அமெரிக்காவில் 18.6. எல்லாக் கார்டும் இரண்டிலும் இருக்கும்போது இந்த 0.3 எங்கிருந்து வந்தது என்று மாப்பிள்ளையும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தேடினோம். கிடைத்தது. ஒரு மைதானத்தில் ஒருநாள் காற்றும் மழையுமாக எல்லோருமே மோசமாக ஆடினால், அன்றைய கார்டுகளில் 1 முதல் 3 வரை சலுகை கழிப்பார்கள். எல்லோரும் நன்றாக ஆடிய நாளில் 1 கூட்டுவார்கள். எனக்கு நல்ல எட்டில் இருக்கும் இரண்டு நியூஜெர்சி கார்டுகளுக்கு அப்படி ஒன்றில் 2, ஒன்றில் 1 கிடைத்திருக்கிறது. பெங்களூரில் கையால் ஏற்றியபோது அந்த மழை ஏறவில்லை. மெயிலில் இனிமேல் அதையும் எழுதுகிறேன். சகலையிடம் சொன்னபோது, "அப்போ 18.6-ஐயே வச்சு ஆடிடுங்க, வம்பே இல்ல" என்றார். அடுத்த மாத ஜோடி ஆட்டத்துக்கு அப்படியே பெயர் கொடுத்திருக்கிறேன். பரிசு இந்த முறை மிக்சி என்கிறார் பாய்.