புலாவ் உபின்: வண்ணத்துப்பூச்சிக் குன்றில் ஒரு வழிகாட்டி நடை

சாங்கி முனையிலிருந்து படகில் சென்றடையும் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில், வண்ணத்துப்பூச்சிக் குன்றைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி நடை ஒன்றில் கடந்த மாதம் கலந்துகொண்டேன். எருக்கஞ்செடியின் இலையைத் திருப்பி, கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளும் மூன்று இணைக் கரிய கொம்புகளும் கொண்ட புழுவைக் கண்ணருகே காட்டிய வழிகாட்டி, எருக்கம்பாலின் நஞ்சு உடலில் தங்கிவிடுவதாலேயே அந்தப் புழு வளர்ந்து உருவாகும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியைப் பறவைகள் பெரும்பாலும் தீண்டுவதில்லை என்று பொறுமையாக விளக்கினார். நம் ஊர் வேலியோரத்து எருக்கையும் அதே பூச்சியையும் அங்கே கண்டது எனக்குப் பெருமகிழ்ச்சி. அத்திமரத்தில் இருவாச்சிப் பறவை இணையொன்றும் தென்பட்டது. ஆனால் 20 பேரை ஒரே குழுவாக அழைத்துச் சென்றதால் பின்னால் நின்றவர்களுக்குப் பாதி விளக்கம் கேட்கவில்லை. செக் ஜாவா ஈரநிலத்துக்கும் அரைமணி நேரமே ஒதுக்கினார்கள். குழுவைச் சிறிதாக்கினால், கட்டணம் சற்றுக் கூடினாலும் மீண்டும் செல்வேன்.