அக்கா மகனின் வலைத்தளமும் என் ஏழு குறிப்புகளும்: கருத்துச் சொல்ல எந்த வழி மேல்?

என் அக்கா மகன் கடந்த ஆண்டு சென்னைப் பறக்கும் ரயில் நிலையங்களைப் படமெடுத்து, நிலையத்துக்கு ஒரு பக்கம் என்று எழுதி, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப்பின் ‘பேஜஸ்’ சேவையில் தனக்கென ஒரு வலைத்தளம் அமைத்தான். பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தில் இணையப் பக்கங்களுக்கு நிரல் எழுதுவதே என் வேலை என்பதால், “சித்தி, பார்த்துட்டு உள்ளதைச் சொல்லுங்க” என்று முகவரியை எனக்கு அனுப்பிவிட்டான். உள்ளதைச் சொல்வது எளிதுதான். சொன்னது அவனுக்குப் பயன்படும்படி சொல்வதில்தான் சிக்கல் இருக்கிறது என்பதை அடுத்த சில மாதங்களில் தெரிந்துகொண்டேன்.

இதற்கு நான்கு வழிகள் உண்டு. சோதனைக் கருவி ஒன்றை ஓட்டி அதன் அறிக்கையை அனுப்பிவிடலாம். நிரலை நாமே திருத்திக் கொடுக்கலாம். தளத்துக்காரரின் அருகில் உட்கார்ந்து பேசலாம். ஒவ்வொரு குறையையும் தனித்தனிக் குறிப்பாக எழுதி, நிரல் வைக்கப்பட்டிருக்கும் கிட்ஹப்பிலேயே ‘இஷ்யூ’வாகப் பதியலாம். திட்டமிட்டு அல்ல, ஒன்று சரிவராததால் அடுத்தது என்று நான்கையும் அவனிடமே முயன்று பார்த்துவிட்டேன். இப்போது நான் நான்காவது வழியின் பக்கம் இருக்கிறேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அதனால் அதற்கு இங்கே இடமும் அதிகம்.

முதலில் கருவி. குரோம் உலாவியிலேயே இருக்கும் லைட்ஹவுஸ், வேகம், அணுகல்தன்மை (மாற்றுத்திறனாளிகளாலும் பயன்படுத்த முடிகிறதா என்பது), நல்வழக்கங்கள், தேடுபொறி ஆகிய தலைப்புகளில் நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. (அவன் தளத்தில் கலங்கரை விளக்கம் நிலையத்துக்கும் ஒரு பக்கம் இருப்பதால், இந்தப் பெயரை வைத்து வீட்டில் போதுமான அளவு சிரித்தாகிவிட்டது.) ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், செலவில்லை, மனத்தாங்கலுக்கும் இடமில்லை. கைபேசியில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றியிருந்ததால் பக்கம் திறக்கத் தாமதமாவதை அது உடனே காட்டிக்கொடுத்தது. அந்த ஒன்றுக்காகவே அதை யாருக்கும் பரிந்துரைப்பேன். ஆனால் மதிப்பெண் என்று வந்துவிட்டால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதானே. அணுகல்தன்மையில் 94 வாங்கியிருக்கிறான் என்றதும், “மீதி ஆறு எங்கே போச்சு?” என்று அக்கா கேட்டார், அவனும் ஒரு வாரம் அந்த ஆறைத்தான் தேடிக்கொண்டிருந்தான். ஒரே பக்கத்தை ஒரே கணினியில் இரண்டு முறை ஓட்டினாலே வேக மதிப்பெண் மாறக்கூடும் என்பதை அவனுக்கு விளங்கவைப்பது தனி வேலையாகிவிட்டது.

அதைவிடப் பெரிய குறை, கருவியால் எதைப் பார்க்க முடியாது என்பதில் இருக்கிறது. அவன் ஒரு மாதிரிக் கோப்பிலிருந்து தொடங்கியதால், பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்றே, பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் ஹெச்டிஎம்எல்லின் தொடக்கத்தில் எழுதியிருந்தது. உள்ளே இருப்பதோ முழுக்கத் தமிழ். பார்வையற்றோருக்குத் திரையை உரக்க வாசிக்கும் திரைவாசிப்பான்கள், எந்த மொழியின் குரலில் வாசிப்பது என்பதைப் பெரும்பாலும் அந்த மொழிக் குறியை வைத்துத்தான் தீர்மானிக்கின்றன. ஆனால் லைட்ஹவுஸ், மொழிக் குறி இருக்கிறதா, அது செல்லுபடியாகும் குறியா என்று மட்டும் பார்த்துத் தேர்ச்சி கொடுத்துவிட்டது. படத்தைப் பார்க்க முடியாதவருக்காக எழுதும் மாற்று உரையில் ‘படம் 1’ என்று எழுதியிருந்ததற்கும் தேர்ச்சிதான்.

இரண்டாவது வழியில்தான் நான் தவறு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் அவனுடைய சிஎஸ்எஸ் கோப்பைக் கிட்டத்தட்டப் புதிதாகவே எழுதி, ஒரே புல் ரிக்வெஸ்டாக (மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளும்படி கிட்ஹப்பில் அனுப்பும் கோரிக்கை) அனுப்பினேன். அவனும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டான். தளம் பளிச்சென்று ஆனது. இரண்டு மாதம் கழித்து ஒரு புதிய பக்கத்தைப் பழைய முறையிலேயே அவன் சேர்த்தபோது, முகப்பில் இருந்த கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. தொலைபேசியில், “சித்தி, நீங்க எழுதினது நல்லாத்தான் இருக்கு, ஆனா இப்ப அது என் தளம் மாதிரியே இல்லை” என்றான். குறை அவனுடையது அல்ல. பதில் தெரிந்தவள் நான் என்ற நினைப்பில், கேள்வி என்னவென்றே அவனுக்குச் சொல்லாமல் விட்டிருந்தேன். மூடாமல் விட்ட ஒரு ஹெச்டிஎம்எல் குறியொட்டு, தவறான ஒரு இணைப்பு போன்ற ஓரிரு வரித் திருத்தங்களுக்கு இப்போதும் புல் ரிக்வெஸ்ட் அனுப்புகிறேன். அதற்கு மேல் அனுப்புவதில்லை.

மூன்றாவது வழி இனிமையானது. ஆதம்பாக்கத்தில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மடிக்கணினியையும் ஒரு பழைய ஆண்ட்ராய்டு கைபேசியையும் வைத்துக்கொண்டு ஒரு மாலை உட்கார்ந்தோம். வடிவமைப்பைப் பொறுத்தவரை இதற்கு ஈடான வழி கிடையாது என்றே நினைக்கிறேன். என் அம்மாவிடம் கைபேசியைக் கொடுத்து, “திருவான்மியூர் ஸ்டேஷன் படத்தைக் காட்டுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டோம். அவர் நிலையத்தின் சிறுபடத்தை மூன்று முறை தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் இணைப்பு படத்துக்குக் கீழே இருந்த சின்ன எழுத்தில் மட்டும் இருந்தது. பேரன் முகம் போன போக்கை எந்த அறிக்கையாலும் உண்டாக்கியிருக்க முடியாது. பாட்டி எதிரே அமர்ந்திருக்கும்போது, ‘அது அவங்களுக்குத் தெரியல’ என்று தப்பிக்கவும் முடியாது.

ஆனால் அன்று நான் சொன்ன ஒன்பது விஷயங்களுக்கும் அவன் தலையாட்டினான்; இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோது அவற்றில் மூன்றுதான் நினைவில் இருந்தன. எனக்கே ஆறுதான் நினைவுக்கு வந்தன.

நான் நான்காவது வழிக்கு வந்ததற்கான காரணம் இதுதான், என் முடிவு முழுக்கத் தொங்குவதும் இதில்தான். சொந்த வலைத்தளம் என்பது நாள்தோறும் கைவைக்கும் பொருள் அல்ல. அலுவலகத் தளத்தில் இன்று சொன்ன குறையை நாளை காலை யாராவது திருத்துவார்கள். சொந்தத் தளத்தின் உரிமையாளரோ தேர்வு, வேலை, காதல், காய்ச்சல் எல்லாம் முடிந்து ஐந்து மாதம் கழித்து ஒரு மழைநாளில்தான் அந்தக் கோப்பைத் திறப்பார். நாம் சொன்ன கருத்து அந்த மழைநாள் வரை கெடாமல் இருக்க வேண்டும், நாம் பக்கத்தில் இல்லாமலே புரியவும் வேண்டும். பேச்சு கெட்டுவிடுகிறது. மதிப்பெண் அறிக்கை காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. நாமே திருத்திக் கொடுத்த நிரல் கெடாது, ஆனால் அது ஏன் அப்படி எழுதப்பட்டது என்பது நம்மோடு போய்விடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். முகப்பில் நிலையப் பெயர்கள் நீளமாகிவிடக் கூடாது என்று, 18 எழுத்துகளுக்கு மேல் இருந்தால் வெட்டி மூன்று புள்ளி வைக்கும்படி, உலாவியில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் எழுதியிருந்தான். சிந்தாதிரிப்பேட்டை, திருவல்லிக்கேணி, கோட்டூர்புரம் எல்லாம் சரியாக வந்தன. முண்டகக்கண்ணியம்மன் கோயில் மட்டும் ‘முண்டகக்கண்ணியம்மன…’ என்று கடைசிப் புள்ளியை இழந்து நின்றது. நம் கணக்கில் ‘முண்டகக்கண்ணியம்மன்’ என்பது 12 எழுத்து. ஜாவாஸ்கிரிப்டின் கணக்கிலோ மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி என்பதால் அது 19. பதினெட்டில் வெட்டினால் போவது ‘ன்’ மேலிருக்கும் புள்ளிதான். இதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது சிரித்துவிட்டு, 18-ஐ 20 ஆக்கிவிடுகிறேன் என்றான். குறிப்பாக எழுதியபோது நான் நான்கு விஷயங்களை வரிசையாக வைத்தேன்: எந்தப் பக்கத்தை எந்தக் கருவியில் பார்த்தேன், என்ன தெரிந்தது, அது வாசிப்பவரை என்ன செய்கிறது, ஒரே ஒரு தீர்வு. தீர்வாக, எண்ணிக்கையைக் கைவிட்டு, இடம் போதாதபோது சிஎஸ்எஸ்ஸே வெட்டிக்கொள்ளும்படி விடலாம் என்றும், எண்ணித்தான் ஆக வேண்டுமென்றால் எழுத்துகளை மொழிக்கேற்பப் பிரிக்கும் இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதி 2024 ஏப்ரலிலிருந்து முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது என்றும் எழுதினேன். அந்தக் குறிப்புக்கு எண் நான்கு.

நான்கு மாதம் கழித்து அவன் திருத்தினான். கமிட் செய்தியில் (மாற்றத்தைப் பதியும்போது சேர்க்கும் குறிப்பு) ‘ஃபிக்ஸஸ்’ என்று எழுதி இஷ்யூ எண்ணைச் சேர்த்ததால், அந்தத் திருத்தம் முதன்மைக் கிளையில் சேர்ந்ததும் கிட்ஹப் தானாகவே இஷ்யூவை மூடிவிட்டது. ஆனால் அழித்துவிடவில்லை. இன்னும் இரண்டு வருடம் கழித்து அவனோ, அவனுடைய தளத்தைப் பார்த்து எழுதக் கற்கும் வேறொருவரோ, ‘இந்த வரி எதற்கு, எடுத்துவிடலாமே’ என்று யோசித்தால், அந்த வரியின் வரலாற்றைத் தட்டிய உடனே முண்டகக்கண்ணியம்மன் வந்து நிற்பாள். திருத்தமும் காரணமும் ஒரே இடத்தில் இருப்பதை மற்ற மூன்று வழிகளும் எனக்குத் தரவில்லை.

எழுதுவது இன்னொன்றையும் செய்கிறது: சொல்பவரையும் ஒழுங்குபடுத்துகிறது. ‘தேதி மங்கலாக இருக்கிறது, நல்லா இல்லை’ என்று வாயால் சொல்லிவிடலாம். எழுத உட்கார்ந்தபோது, வேளச்சேரி நடைமேடையில் நண்பகல் வெயிலில் தேதியை வாசிக்க முடியவில்லை என்பதையும், அதன் நிறக் குறியீடு 999999 என்பதையும், வெள்ளைப் பின்னணியோடு அதன் ஒளிமாறுபாட்டு விகிதம் 2.85:1 தான் வருகிறது என்பதையும் தேடி எழுத வேண்டியதாயிற்று. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் நெறிமுறைகள், ஏஏ என்ற இடைநிலையில் சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது 4.5:1, நிறத்தை 767676 ஆக்கினாலே 4.54 வந்துவிடும். இப்படி எழுதிய பிறகு அது என் ரசனைக்கும் அவன் ரசனைக்கும் நடக்கும் சண்டையாக இருப்பதில்லை. அளவு காட்ட முடியாத கருத்துகளுக்கு ‘ரசனை’ என்று தலைப்பிலேயே எழுதி, மறுக்கலாம் என்றும் சேர்த்தேன். முகப்புப் பட்டையின் மஞ்சள் கண்ணைக் குத்துகிறது என்பது அப்படி ஒன்று. “அது ஸ்டேஷன் பெயர்ப்பலகையோட மஞ்சள் சித்தி, மாத்த மாட்டேன்” என்று எழுதி மூடிவிட்டான். சரியான காரணம், எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

ஏழுக்கு மேல் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். இருபது குறிப்புகளை ஒரே நாளில் பெற்றவர் தளத்தையே மூடிவிடும் வாய்ப்பு அதிகம். அந்த ஏழில் ஒன்று நன்றாக இருப்பதைப் பற்றியது: ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டாலும் நிலையப் பக்கங்கள் முழுமையாகத் திறக்கின்றன, அடுத்த மாற்றத்தில் இதை இழந்துவிடாதே என்று. அதைப் பாராட்டு என்று எழுதவில்லை. எதைக் கைவிடக் கூடாது என்பதும் அவனுக்குத் தெரிய வேண்டிய தகவல்தான்.

இந்த வழிக்கும் குறைகள் உண்டு. ஏழு குறிப்புகளை எழுத எனக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பொது ரெப்போவில் (யாரும் பார்க்கக்கூடிய நிரல் கிடங்கு) பதிந்தால் ஊரே பார்க்கும். நாளை வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையின் குறைப்பட்டியல் அங்கே நிற்கலாமா என்று முதலில் அவனிடம் கேட்டுக்கொண்டேன். தயக்கம் இருந்தால் தேதியிட்ட ஓர் உரைக்கோப்பாக நிரலோடு வைத்தாலும் போதும். கிட்ஹப்பே தெரியாமல், இழுத்துப்போட்டுப் பக்கம் அமைக்கும் சேவையில் தளம் வைத்திருப்பவருக்கு இதைவிடப் பக்கத்தில் உட்காருவதே பொருந்தலாம். வடிவமைப்பையே தொழிலாகப் படித்த ஒருவருக்கு ஒருமுறைதான் கருத்துச் சொல்லியிருக்கிறேன். எழுதி அனுப்பியதை அவர் விரும்பவில்லை, பேசவே விரும்பினார். ஒருவரை வைத்து அந்தத் துறையினரைப் பற்றிப் பொதுவாகச் சொல்ல மாட்டேன். திரையையும் குரலையும் சேர்த்துப் பதிவுசெய்து அனுப்புவதையும் ஒருமுறை முயன்றேன். பதினான்கு நிமிடப் பதிவில் ஒரு விஷயத்தைத் தேடிப்பிடிப்பது அவனுக்குக் கடினமாக இருந்தது.

எனவே இப்போது என் வழக்கம், முதலில் லைட்ஹவுஸை அவர்களையே ஓட்டச் சொல்லிவிடுவது, பிறகு முடிந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வேறு யாராவது ஒருவர் தளத்தைப் பயன்படுத்துவதை வாய்மூடிப் பார்ப்பது, அன்றிரவே குறிப்புகளை எழுதிவிடுவது.

அவனுக்கு எழுதியவற்றில் ஆறு மூடப்பட்டுவிட்டன. ஏழாவது, பத்திகளின் இரு ஓரங்களையும் சமன்செய்திருப்பது பற்றியது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், 360 பிக்சல் அகலத் திரையில் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொற்களே அடங்கி, நடுவில் ஆறு ஓடுகிற மாதிரி இடைவெளி விழுகிறது என்று படத்தோடு எழுதியிருந்தேன். பத்திரிகையில் அப்படித்தானே அச்சடிக்கிறார்கள் என்று கீழே எழுதியிருக்கிறான். பத்திரிகைக்காரர்கள் ஒவ்வொரு வரியையும் சொல்லுடைத்துச் சரிபார்ப்பார்கள் என்று நானும், அகலத் திரைக்கு மட்டும் வைத்துக்கொள்ளவா என்று அவனும் மாறிமாறி எழுதியபடி இருக்கிறோம்.