நான்கு வருடம், 3,000 அட்டைகள்: போலந்துக்காரர்களுக்கு ஆங்கிலச் சொல் சேர்த்த அனுபவம்

போலந்தின் போஸ்னான் நகருக்குக் குடிவந்து ஏழு வருடம் ஆகிறது. கடைசி நான்கு வருடமாக மாலை நேரத்தில் இரண்டு போலந்துக்காரர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருவர் மருந்துக்கடையில் வேலை செய்யும் அம்மா, ஐம்பதைத் தாண்டியவர். அவர் பள்ளியில் படித்த காலத்தில் ரஷ்யன்தான் கட்டாயம். ஆங்கிலம் நாற்பதுக்கு மேல்தான் தொடங்கினார். மகள் அயர்லாந்தில் இருக்கிறாள், பேத்தி ஆங்கிலத்தில்தான் விளையாடுகிறாள், அவளோடு பேச வேண்டும். இன்னொருவர் மென்பொருள் வேலையில் இருக்கும் இளைஞர். இரண்டு பேருக்கும் இலக்கணம் தெரியும், பேசவும் வரும். ஆனால் பி2 என்று சொல்லும், நடுத்தரத்துக்குச் சற்று மேலான நிலையில் வந்து அப்படியே நின்றுவிட்டார்கள். சொல் போதவில்லை.

அதற்கு நாங்கள் எடுத்துக்கொண்டது ஆன்கி என்ற அட்டைச் செயலி. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். தெரிந்த அட்டை தள்ளித் தள்ளி வரும், மறந்த அட்டை உடனே திரும்பி வரும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனுக்கு மட்டும் காசு.

இந்த முறைக்கு வேர் போஸ்னானில் இருக்கிறது என்பது எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. பியோத்ர் வோஸ்னியாக் என்ற மாணவர் 1985இல் இந்த ஊரில்தான் ஆங்கிலம்-போலிஷ் சொல் ஜோடிகளைத் தாளில் எழுதி, பக்கத்துக்கு 40 ஜோடி என்று வைத்து, எத்தனை நாள் இடைவெளியில் திரும்பப் படித்தால் மறக்காமல் நிற்கிறது என்று தன்னையே வைத்துச் சோதித்துப் பார்த்தார். 1, 7, 16, 35 நாள், அதற்கு மேல் இரட்டிப்பு என்று ஒரு கணக்குக்கு வந்தார். 1987இல் அதைக் கணினி நிரலாக எழுதினார், அதுதான் சூப்பர்மெமோ. 2006இல் வந்த ஆன்கி, அந்த 1987 கணக்கை எடுத்துத்தான் தொடங்கியது. ஒரு போலந்துக்காரர் தன் ஆங்கிலத்துக்காகக் கண்ட வழி இன்று எந்தெந்த நாட்டிலோ மருத்துவ மாணவர்களுக்குக் கைகொடுக்கிறது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “நம்ம ஊர்லயா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். முதல் ஐந்து மாதம் வீணாகத்தான் போனது. யாரோ செய்து வைத்திருந்த 5,000 சொல் அட்டைக் கட்டு ஒன்றை இறக்கிக்கொண்டோம். ஒரு ஆங்கிலச் சொல், அதற்கு நேராக ஒரு போலிஷ் சொல். தினமும் இருபது புது அட்டை. அட்டையில் சரியாகச் சொல்லுவார்கள், வாயில் வராது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அந்தக் கட்டு எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தியது. ஆனால் போலிஷ் பேசுபவருக்கு அந்த ஏணி தலைகீழ். மேல்படியில் இருந்த ‘ஹைபாதிஸிஸ்’, ‘டிலெம்மா’, ‘அப்ஸர்ட்’, ‘கான்ஸிக்வென்ஸ்’ எல்லாம் லத்தீன், கிரேக்கம் வழியாக ஏற்கெனவே போலிஷில் இருக்கின்றன. ஒரு தடவை பார்த்தால் போதும். கீழ்ப்படியில் இருந்த ‘கிரம்’, ‘பட்ல்’, ‘ஷ்ரக்’, ‘ஸல்க்’, ‘க்ரட்ஜ்’ – ரொட்டித் துணுக்கு, மழைத்தண்ணீர்க் குட்டை, தோளைக் குலுக்குவது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது, மனக்கறுவு – இவைதான் உயிரை வாங்கும். இவற்றுக்குப் பிடித்துக்கொள்ள போலிஷில் ஒரு நூல்கூடக் கிடையாது. பேத்தியோடு பேச அம்மாவுக்கு வேண்டியவை முழுக்க இந்த இரண்டாவது வகை.

அந்தக் கட்டை அழித்தோம். அதற்குப் பிறகு நாங்களே செய்த அட்டைகள் மட்டும்தான். நாளுக்கு அதிகம் போனால் ஐந்து புதிது, ஞாயிறு விடுமுறை.

லத்தீன் வழியாக வருவதிலும் ஒரு பள்ளம் உண்டு. ஒரே முகம், வேறு பொருள். மருந்துக்கடை அம்மா ஒரு நாள் கலங்கிப்போய் வந்தார். வெளிநாட்டு மாணவன் ஒருவன் மருந்து வாங்க வந்திருக்கிறான். போலந்தில் 2020 ஜனவரியிலிருந்து மருந்துச்சீட்டு மின்னணுவில்தான். நோயாளி கடையில் நான்கு இலக்க எண்ணையும் தன் அடையாள எண்ணையும் சொன்னால் போதும். இவர் அவனிடம், “ரிசீட் ப்ளீஸ்” என்றிருக்கிறார். அவன் பர்ஸைத் துழாவி, இன்னும் எதுவும் வாங்கவே இல்லையே என்று விழித்திருக்கிறான். போலிஷில் மருந்துச்சீட்டுக்குப் பெயர் ‘ரெத்செப்தா’. கடை ரசீதுக்கு ‘பரகோன்’. இவர் நாக்கு ரெத்செப்தாவிலிருந்து நேராக ரிசீட்டுக்குப் போய்விட்டது. முப்பது வருடம் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவர், தன் தொழிலின் முதல் சொல்லில் தடுக்கியதை அவரால் தாங்க முடியவில்லை.

அன்று மாலையே இரண்டு அட்டை போட்டோம். முன்பக்கம் போலிஷில், “டாக்டர் எனக்கு ரெத்செப்தா எழுதினார்” என்ற வாக்கியம், கீழே அதன் ஆங்கில வாக்கியம், அந்த ஒரு சொல் மட்டும் கோடிட்ட இடம். இன்னொன்றில் அதேபோல் பரகோன். வெறும் சொல் ஜோடியாக இருந்தால் இது நிற்காது. அந்த மாணவன் முகம் நினைவுக்கு வரும் வாக்கியமாக இருந்ததால் நின்றது.

இளைஞருக்கு வந்தது ‘எவென்துஆல்னியே’. போலிஷில் அதற்கு ‘தேவைப்பட்டால், ஒருவேளை’ என்று பொருள். ஆங்கில ‘எவென்ச்சுவலி’ என்றால் ‘கடைசியில் நிச்சயம்’. தேவைப்பட்டால் இன்னும் இரண்டு பேரை அனுப்புவோம் என்று நினைத்து அவர் எழுதிய மின்னஞ்சலை, எப்படியும் இரண்டு பேர் வருவார்கள் என்று வாடிக்கையாளர் படித்துக்கொண்டார். ‘அக்துஆல்னியே’ (இப்போது), ‘சிம்பாதிச்னி’ (பழக இனிமையானவர்), ‘ஓர்தினார்னி’ (ஆபாசமான) எல்லாம் இதே இனம். இவற்றை மட்டும் தனிக் கட்டாக வைத்திருக்கிறேன், அறுபது அட்டைக்குள்தான். கொடுத்த உழைப்புக்கு அதிகப் பலன் தந்த கட்டு இதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ‘ஈட் அப்’, ‘ரைட் டவுன்’ மாதிரி வினையும் ஒட்டும் சேர்ந்து வருபவை. இவற்றைப் பட்டியல் போட்டுப் படிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் போலிஷிலேயே இந்த வேலையைச் செய்ய முன்னொட்டுகள் இருக்கின்றன. ‘பிச்’ என்றால் குடி, ‘விபிச்’ என்றால் குடித்துவிடு, முழுதும் காலி செய். அதுதான் ‘ட்ரிங்க் அப்’. ‘பிஸாச்’ எழுது, ‘ஸாபிஸாச்’ குறித்துக்கொள், ‘விபிஸாச்’ எடுத்து எழுது. நம் மொழியில் ‘விடு’, ‘கொள்’ என்ற துணைவினைகள் பின்னால் நின்று செய்வதைப் போலிஷ் முன்னால் வைத்துச் செய்கிறது, ஆங்கிலம் தனியாகக் கழற்றி வைத்துச் செய்கிறது. ஒட்டுக்கு ஒட்டு நேராகப் பொருந்தாதுதான். ஆனாலும் “உங்கள் மொழியில் இது ஏற்கெனவே இருக்கிறது” என்று சொன்ன அன்று அம்மாவின் முகம் மலர்ந்ததை மறக்க முடியாது. அதிலிருந்து இந்த வகை அட்டைக்கு முன்பக்கம் முன்னொட்டோடு கூடிய போலிஷ் வினையைத்தான் போடுகிறோம்.

எந்தச் சொல் எதோடு சேரும் என்பதும் அட்டையில் ஏற வேண்டும். போலிஷில் புகைப்படம் ‘செய்கிறார்கள்’. நாம் படம் ‘எடுக்கிறோம்’, ஆங்கிலத்திலும் ‘டேக்’தான். இப்படிப்பட்ட இடங்களில் தமிழ் எனக்குத் துணைக்கு வரும். வராத இடமும் உண்டு: தோளிலிருந்து விரல்நுனி வரை அவர்கள் பேச்சிலும் ஒரே ‘ரெங்கா’, நமக்கும் ஒரே ‘கை’. ‘ஆர்ம்’, ‘ஹாண்ட்’ பிரிக்க நாங்கள் மூவருமே சேர்ந்து கஷ்டப்பட்டோம்.

குறை என்றால், நிறுத்தினால் குவியும். இரண்டாவது வருடம் அம்மா மூன்று வாரம் அயர்லாந்து போய்விட்டு வந்து திறந்தபோது 600 அட்டைக்கு மேல் காத்திருந்தன. செயலியை மூடி வைத்துவிட்டு ஒரு வாரம் தொடவே இல்லை. அப்புறம் புது அட்டையை முழுக்க நிறுத்திவிட்டு, நாளுக்கு ஐம்பது மட்டும் பார்ப்பது என்று வைத்து ஒன்றரை மாதத்தில் கரைசேர்ந்தோம். ஐம்பதுக்கு மேல் ஒன்றுகூட வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அதுதான் காப்பாற்றியது.

எட்டுத் தடவை தவறிய அட்டையைச் செயலியே நிறுத்தி வைக்கும். அதற்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயர் ‘லீச்’, அதாவது இரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி. தமிழில் அந்தப் பூச்சிக்கும் இந்த அட்டைக்கும் ஒரே சொல். அப்படி நின்றதைத் திரும்ப ஓட்டாமல், பிரித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் ஒரே அட்டையில் இரண்டு பொருள் திணித்திருப்போம். ‘இஷ்யூ’ அப்படித்தான் நின்றது. பத்திரிகை இதழுக்கு ஒன்று, பிரச்சினைக்கு ஒன்று, வழங்குவதற்கு ஒன்று என்று மூன்றாக உடைத்ததும் ஓடத் தொடங்கியது.

அட்டை பேச வைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வாரம் வந்த சொற்களில் நான்கையாவது வாய்விட்டுப் பயன்படுத்த நாங்கள் வியாழக்கிழமை ஒரு மணி நேரம் வைத்திருக்கிறோம். அது இல்லாத மாதங்களில் அட்டை எண்ணிக்கை ஏறியது, பேச்சு ஏறவில்லை.

இன்று அம்மாவிடம் ஏறக்குறைய 3,000 அட்டை இருக்கிறது. தினம் பதினைந்து நிமிடம், டிராமில் வேலைக்குப் போகும்போது. போன வாரம் அவரே தனியாகச் செய்த அட்டையைக் காட்டினார். பேத்தி தொலைபேசியில் சொன்ன வாக்கியம்: மழை நின்றதும் செருப்போடு குட்டையில் குதித்தாளாம். கோடிட்ட இடத்தில் வர வேண்டிய சொல் ‘பட்ல்’. பின்பக்கத்தில் சொல்லோடு, பேத்தியின் குரலையும் பதிந்து வைத்திருந்தார்.