மோட்டார் ரூம்ல தண்ணி டெஸ்ட்: சொட்டு பாட்டிலா, மாத்திரையா, ஸ்ட்ரிப்பா, லேபா?

எங்க அபார்ட்மெண்ட் மேடவாக்கம் பக்கம். 40 வீடு, ஒரு போர், வாரத்துக்கு ரெண்டு மூணு லாரி, ரெண்டும் ஒரே சம்ப்ல கலந்து சாஃப்ட்னர் (தண்ணியோட கடினத்தன்மையை குறைக்கிற மெஷின்) வழியா மொட்டை மாடி டேங்க்குக்கு ஏறுது. தண்ணி பொறுப்பை என் தலையில கட்டி 3 வருஷம் ஆச்சு, அதுக்குள்ள கையில கிடைச்ச எல்லா டெஸ்ட்டையும் பண்ணிப் பாத்தாச்சு. எதை வாங்கலாம்னு கேக்குறவங்களுக்கு தனித்தனியா சொல்றதுக்கு மொத்தமா எழுதிடறேன்.

முதல்ல டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கிறது மொத்தம் எவ்வளவுன்னு காட்டுறது. எல்லார் வீட்லயும் இருக்கு, பேனா மாதிரி, முக்கி எடுத்தா நம்பர். இது போட்டியிலயே இல்லைங்க. தண்ணி எவ்வளவு கரண்ட் கடத்துதுன்னு பாத்து அதை ஒரு கணக்கு போட்டு பிபிஎம்னு (பத்து லட்சத்துல எத்தனை பங்குன்னு) காட்டுது, அவ்ளோதான், உள்ள இருக்கறது சுண்ணாம்பா சோத்து உப்பான்னு அதுக்கு தெரியாது. சாஃப்ட்னருக்கு முன்னாடி 1100, பின்னாடியும் கிட்டத்தட்ட அதேன்னு காட்டவும் ஒரு வீட்டுக்காரர் "மெஷின் வேலையே செய்யல, காசு தண்டம்"னு மீட்டிங்ல எழுந்து சத்தம் போட்டார். சாஃப்ட்னர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் புடிச்சு வெச்சுக்கிட்டு பதிலுக்கு சோடியத்தை விடுது, அப்புறம் டிடிஎஸ் எங்கேந்து இறங்கும்? ரெண்டு பாட்டில்ல ரெண்டு தண்ணியையும் புடிச்சு சோப்பு போட்டு குலுக்கி நுரை வித்தியாசத்தை காட்டினப்புறம் தான் மனுஷன் உக்காந்தார்.

ஆக ஹார்ட்னஸை, அதாவது அந்த கால்சியம் மெக்னீசியத்தால வர்ற கடினத்தன்மையை, தனியா தான் பாக்கணும். நான் கெமிஸ்ட்ரி படிச்சவன், அந்த மிதப்புல ப்யூரெட் (சொட்டு சொட்டா அளந்து விடுற கண்ணாடிக் குழாய்), ஸ்டாண்டு எல்லாம் வாங்கிட்டு வந்தேன். 50 மில்லி தண்ணி, அதுல அம்மோனியா பஃபர் (வாடை மூக்கை பொளக்கும்), கலர் மாறி காட்டுற இண்டிகேட்டர் எரியோக்ரோம் பிளாக் டி ரெண்டு சொட்டு, மேலேந்து கால்சியம் மெக்னீசியத்தை புடிச்சுக்கிற இடிடிஏ கரைசல். பீட்ரூட் தண்ணி கலர்ல ஆரம்பிக்கும், நடுவுல கத்திரிப்பூ கலர் வரும், அங்க அவசரப்படாம ஒவ்வொரு சொட்டா விட்டு, சுத்தமா சொட்டு நீலம் கலருக்கு வந்ததும் நிறுத்தணும். 0.01 மோலார் இடிடிஏ 22.5 மில்லி இறங்குச்சுன்னா ஹார்ட்னஸ் 450 பிபிஎம். (குடிதண்ணிக்கான இந்தியத் தர அளவு ஐஎஸ் 10500 கணக்குப்படி 200 வரைக்கும் நல்லது, வேற தண்ணியே இல்லாத ஊர்ல 600 வரைக்கும் ஓட்டலாம்.) துல்லியத்துல இதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா நான் கரைச்சு வெச்ச இண்டிகேட்டர் ரெண்டு மாசத்துல செத்துப்போச்சு, நீலமே வரல, ஏதோ சேத்துத் தண்ணி கலர்ல நின்னுடுச்சு, நானும் தண்ணியில தான் கோளாறுன்னு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க முழிச்சேன். அந்த மருந்து கரைசலா இருந்தா சீக்கிரம் கெட்டுடும், உப்புத் தூளோட கலந்து பொடியா வெச்சா தான் தாங்கும்.

அடுத்து சொட்டு கிட். அதே கெமிஸ்ட்ரி, குட்டி குட்டி பாட்டில்ல. ஒரு சொட்டுக்கு 25 பிபிஎம்னு அட்டையில போட்டிருக்கும், எண்ணி பெருக்கிக்க வேண்டியது தான். வெலையும் கம்மி. ஒரே தண்ணிக்கு எனக்கு 18 சொட்டு, மோட்டார் பாக்குற அண்ணனுக்கு 22, அதாவது 450-க்கும் 550-க்கும் உள்ள வித்தியாசம். எப்படிடான்னு பக்கத்துல நின்னு பாத்தா அவர் பாட்டிலை படுக்க வெச்ச மாதிரி சாய்ச்சு விடுறார், சாய்ச்சா சொட்டோட சைஸே மாறிடும், தலைகீழா நேரா புடிக்கணும். போதாததுக்கு நடுவுல போன் வந்தா எண்ணிக்கை போச்சு.

இங்க தான் ஒரு டெஸ்ட்டுக்கு வேண்டிய மருந்தை முன்னாடியே அளந்து வெச்ச கிட் வருது, மாத்திரையாவோ கிழிச்சு கொட்டுற சாஷேவாவோ. இதுல மிச்சமாகுறது நேரம்னு நெனச்சு தான் வாங்கினேன், நேரம் ஒண்ணும் பெருசா மிச்சமாகல. மிச்சமானது யார் கை பட்டா என்ன ரிசல்ட் வரும்ங்கிற தலைவலி. ஆனா ஹார்ட்னஸ்க்கு முழுசா மாத்திரைக்கு மாறாதீங்க. நீலம் வர்ற வரைக்கும் மாத்திரையை ஒண்ணொண்ணா போட்டு எண்ணுற ரகத்துல போர் தண்ணியை டெஸ்ட் பண்ணா மாத்திரை மடமடன்னு காலியாகும், கட்டுப்படியாகாது. சாஃப்ட்னர் தாண்டி வர்ற தண்ணிக்கு மட்டும் ஒரே மாத்திரை ரகம் அருமை: போட்டு குலுக்கு, நீலமா இருந்தா சரி, சிவப்பா நின்னா உப்பு போட்டு ரீஜெனரேஷன் ஓட்டு, அதாவது சாஃப்ட்னரை திரும்ப தயார் பண்ணு. அண்ணனுக்கு நம்பரே வேண்டாம், கலர் போதும்.

குளோரினுக்கு மறுபேச்சே இல்ல, மாத்திரை தான். பழைய ஓடி கிட், மஞ்சளா மாறுமே, அது இன்னும் கடையில கிடைக்குது, ஆனா அந்த ஆர்த்தோடொலிடின் புற்றுநோய் சந்தேகம் இருக்கிற சரக்கு, கிணத்துத் தண்ணியில மாங்கனீஸ் இருந்தாலும் மஞ்சள் காட்டி ஏமாத்தும். டிபிடிங்கிற மருந்து இருக்கிற மாத்திரையை 10 மில்லி தண்ணியில போட்டா பன்னீர் ரோஸ் கலர், அட்டையோட ஒப்பிட்டுப் பாக்கணும், வீட்டுக் குழாய்ல குறைஞ்சது 0.2 பிபிஎம் குளோரின் இருக்கணும். கை படாம ஃபாயில்லேந்து நேரா டெஸ்ட் ட்யூபுக்குள்ள தள்ளுங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள பாத்துடுங்க, லேட்டானா கலர் ஏறிக்கிட்டே போகும். டிபிடியே சொட்டு மருந்தா வாங்கினா சீக்கிரம் ஆக்ஸிடைஸ் ஆகி தானே கலர் மாற ஆரம்பிச்சிடும், ஃபாயில் மாத்திரைக்கு அந்த தொல்லை இல்ல.

ஆனா இதுலயும் ஒரு குழி இருக்கு, விழுந்து எழுந்தவன் சொல்றேன். சம்ப் கழுவின அன்னிக்கு அண்ணன் டெஸ்ட் பண்ணா கலரே வரல, குளோரின் இல்லன்னு இன்னொரு கை பிளீச்சிங் பவுடர் போட்டுட்டார், சாயங்காலம் எல்லா வீட்லயும் கண்ணெரிச்சல். குளோரின் ரொம்ப அதிகமா இருந்தா அந்த ரோஸ் கலரையே வெளுத்துடும், ஒரு மின்னு மின்னிட்டு காணாம போயிடும், பாக்குறவனுக்கு பச்சத்தண்ணியா தெரியும். கடைசியில 1 மில்லி சம்ப் தண்ணியில 9 மில்லி டிஸ்டில்ட் வாட்டர் கலந்து மாத்திரையை போட்டேன், பளிச்சுனு ரோஸ். அதுலேந்து மோட்டார் ரூம்ல டிஸ்டில்ட் வாட்டர் கேன் ஒண்ணு எப்பவும் இருக்கு.

ஸ்ட்ரிப் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணுமில்ல. ஒரே குச்சியில பத்து கட்டம், பாக்க நல்லா இருக்கும், வீடு பாக்கப் போறப்ப பாக்கெட்ல ஒண்ணு எடுத்துட்டு போகலாம். ஹார்ட்னஸ் 250-க்கு மேல எல்லாம் ஒரே கலரா தான் எனக்கு தெரியுது, ட்யூப்லைட் வெளிச்சத்துல சொல்லவே வேண்டாம். நம்ம ஊர் ஈரக்காத்துக்கு மூடியை ஒரு தடவை சரியா மூடலன்னா மொத்த டப்பாவும் அம்பேல்.

கிருமிக்கு எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு) பாட்டில், என்னை கேட்டா அளந்து வெச்ச கிட்ல இது தான் ராஜா, அதுவும் நம்ம நாட்டு சரக்கு: 1982-ல மஞ்சாங்கிற ஆராய்ச்சியாளரும் அவரோட கூட்டாளிகளும் வெளியிட்ட முறை. உள்ள மருந்து காஞ்சு ஒட்டியிருக்கும், கோடு வரைக்கும் தண்ணி ஊத்தி மூடி ஒரு ஓரமா வெச்சுடணும், ஒண்ணு ரெண்டு நாள்ல கருப்பாச்சுன்னா மலக்கிருமி சந்தேகம். எத்தனைன்னு எண்ணிக்கை வராது, சல்ஃபர் இருக்கிற போர் தண்ணி சும்மாவே கருக்கவும் வாய்ப்பு இருக்கு, அதனால கருத்தா லேபுக்கு அனுப்பி உறுதி பண்ணுங்க. கருத்த பாட்டிலை அப்படியே குப்பையில போடாதீங்க, பிளீச்சிங் கரைசல் ஊத்தி வெச்சுட்டு போடுங்க.

லேப் வருஷத்துக்கு ரெண்டு தடவை, மழைக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. ஈயம், ஆர்சனிக்கெல்லாம் அங்க தான். கிராமத்துல வீட்டு வீட்டுக்கு குழாய்த் தண்ணி குடுக்கிற ஜல் ஜீவன் திட்டத்துல ஊருக்கு 5 பொம்பளைங்களுக்கு ஃபீல்ட் கிட் வெச்சு டெஸ்ட் பண்ண சொல்லிக் குடுக்குறாங்க, தர்மபுரி பக்கம் மாதிரி ஃப்ளோரைடு ஊருக்கு அந்த கிட் எவ்வளவு பெரிய விஷயம்னு அங்க பல்லு கறை புடிச்ச புள்ளைங்களை பாத்தவங்களுக்கு தெரியும்.

இப்ப எங்க டப்பாவுல இருக்கறது: போர் தண்ணிக்கு சொட்டு கிட், அதை நான் மட்டும் தான் தொடுவேன், சாஃப்ட்னர் மாத்திரையும் டிபிடி மாத்திரையும் அண்ணன் கையில, எச்2எஸ் பாட்டில் மாசத்துக்கு நாலு. ப்யூரெட் ஸ்டாண்டுல இப்ப என் வீட்டம்மா மணி பிளான்ட் ஏத்தி விட்டிருக்காங்க.