இன்க்ரெடிபிள்ஸா, மிட்செல்ஸா: பெரியவர்களுக்கு எது?

பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு நாம் போனை நோண்டலாம் என்று ஆரம்பித்து, கடைசியில் நம்மையே உட்கார வைத்துவிடுகிற அனிமேஷன் படங்கள் சில உண்டு. என் பட்டியலில் முதலிடத்துக்குப் போட்டி இரண்டுக்கு இடையில்தான். ஒன்று, பிராட் பேர்ட் இயக்கிய பிக்ஸாரின் 'தி இன்க்ரெடிபிள்ஸ்' (2004). மற்றது, மைக் ரியாண்டா இயக்கி 2021-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'தி மிட்செல்ஸ் வெர்சஸ் தி மெஷின்ஸ்'. இரண்டிலும் ஒரு குடும்பம் சேர்ந்து உலகைக் காப்பாற்றுகிறது. அது சின்னப் பிள்ளைகளுக்கான கதை. நமக்கான கதை அதற்கு அடியில் ஓடுகிறது.

இன்க்ரெடிபிள்ஸில் அது அலுவலகக் கதை. ஒரு காலத்தில் ஊரே கொண்டாடிய சூப்பர் ஹீரோ பாப், இப்போது இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குறுகலான மேசைக்குப் பின்னால் உடம்பை மடக்கி உட்கார்ந்திருக்கிறார். இழப்பீடு கேட்டு வந்த பாட்டிக்கு எந்தப் படிவத்தை எந்த மாடிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ரகசியமாகச் சொல்லிக்கொடுத்ததற்கு மேலதிகாரியிடம் திட்டு வாங்குகிறார். பத்து வயதில் இதெல்லாம் எப்போது சண்டை வரும் என்று காத்திருக்கும் நேரம். நாற்பது வயதில் இதுதான் படமே.

இன்னொரு காட்சி இன்னும் நெருக்கம். பௌலிங் ஆடப் போவதாகச் சொல்லிவிட்டு, நண்பரோடு ரகசியமாக ஆட்களைக் காப்பாற்றிவிட்டு நள்ளிரவில் வருகிறார் பாப். உடம்பை ரப்பர் போல நீட்டக்கூடிய மனைவி ஹெலன் அவர் சட்டையிலிருந்து ஒரு துண்டு இடிபாட்டை எடுத்துப் பார்க்கிறார். அவ்வளவுதான், சண்டை. பையனின் பள்ளி விழாவில் ஆரம்பித்து, பழைய வாழ்க்கையை யார் விடவில்லை என்பதில் போய் நிற்கிறது. பிள்ளைகள் ஒளிந்து நின்று கேட்கிறார்கள். எல்லா வீட்டிலும் நடக்கிற சண்டைதான். இங்கே அம்மாவின் உடம்பு நீண்டு வளர்வது மட்டும் கூடுதல்.

மிட்செல்ஸ் அடிக்கிற இடம் வேறு. சினிமா படிக்க கலிபோர்னியா கிளம்பும் மகள் கேட்டி; அவளிடம் கேட்காமலே விமான டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, மொத்தக் குடும்பத்தையும் காரில் ஏற்றும் அப்பா ரிக். கதையைச் சொல்வது மகள், அதனால் ரொம்ப நேரம் அப்பா ஒரு தொல்லையாகவே தெரிகிறார். தான் ஆசையாகக் கட்டிய மரக்குடிலை இவளுக்காக அவர் விட்டுக்கொடுத்தது பழைய வீடியோவில் அவளுக்குத் தெரியவரும்போது, பிள்ளையாக இருப்பவருக்கும் வலிக்கும், பெற்றவருக்கும் வலிக்கும். ரோபோக்கள் மனிதர்களுக்கு எதிராகத் திரும்பி உலகமே அழியப்போகிற நேரத்தில் ரிக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவதைப் பாருங்கள். போனில் அப்பாவுக்கு 'அந்த பட்டனை அமுக்குங்க' என்று சொல்லிக்கொடுத்தவர்கள் சிரித்தே ஓய்வார்கள்.

குறை? மிட்செல்ஸ் மூச்சு விட விடாது. திரை முழுக்க ஸ்டிக்கர், கிறுக்கல், மீம். நாய் மோஞ்சியை நாயா, பன்றியா, ரொட்டியா என்று தெரியாமல் ரோபோக்கள் குழம்பிப்போவது நல்ல ஜோக். ஆனால் அதே வேகத்தில் நூறு ஜோக் வந்தால் தலை வலிக்கிறது. இன்க்ரெடிபிள்ஸ் அமைதியாக இருக்கத் தெரிந்த படம். இருபது வருடம் கழித்து அதன் முகங்கள் கொஞ்சம் பொம்மைத்தனமாகத் தெரிகின்றன, அவ்வளவுதான்.

பிள்ளைகள் தூங்கியபின் தனியாகப் பார்ப்பதென்றால் யோசிக்காமல் இன்க்ரெடிபிள்ஸ் போடுவேன். வீட்டில் காலேஜுக்குக் கிளம்பும் பிள்ளை இருந்தால், பக்கத்தில் உட்கார வைத்து மிட்செல்ஸ். 2018-இல் வந்த இன்க்ரெடிபிள்ஸ் இரண்டாம் பாகத்தில், மகனின் கணக்குப் பாடத்தோடு பாப் போராடும் காட்சி மட்டும் எனக்குப் போதும். மீதியைத் தவறவிட்டாலும் நஷ்டமில்லை.