பெர்சோனா 5 ராயல்: நாட்காட்டியுடன் ஒரு மல்லுக்கட்டு

திரையின் மேல் மூலையில் எப்போதும் ஒரு தேதி நின்றுகொண்டிருக்கும். 'பெர்சோனா 5 ராயல்' கேமில் என்னை அதிகம் திணறடித்தது அதுதான். அரக்கர்களிடம் தோற்றால் மறுபடி மோதிப் பார்க்கலாம். வீணாகப் போன ஒரு செவ்வாய்க்கிழமை மாலை போனதுதான்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெற்ற ஒரு பள்ளி மாணவன், ஓராண்டு கண்காணிப்பில் இருப்பதற்காக ஏப்ரல் மாதம் டோக்கியோவுக்கு அனுப்பப்படுகிறான். ஒரு காபிக் கடையின் மேல்மாடிப் பரண்தான் அவனுக்கு வீடு. பகலில் பள்ளி. மாலையில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை. அதற்கு மேல் நாள் இடம் தராது. நண்பனுடன் ஊர் சுற்றலாம், பரீட்சைக்குப் படிக்கலாம், கடையில் பகுதிநேர வேலை பார்க்கலாம். இல்லையென்றால், ஊரை ஏய்க்கும் பெரிய மனிதர்களின் மனத்துக்குள் கோட்டையாகவும் அருங்காட்சியகமாகவும் வங்கியாகவும் எழும்பி நிற்கும் 'பேலஸ்'களுக்குள் நுழைந்து அவர்களுடைய கெட்ட ஆசையைத் திருடி வரலாம். ஒவ்வொரு பேலஸுக்கும் ஒரு கெடு உண்டு. முதல் வில்லனான கைப்பந்துப் பயிற்சியாளர் கமோஷிடாவுக்கு மே 2. தவறினால் ஆட்டம் முடிந்தது.

மூலமான 'பெர்சோனா 5' 2016 செப்டம்பரில் ஜப்பானிலும், 2017 ஏப்ரலில் மற்ற நாடுகளிலும் வெளிவந்தது. புதிய பாத்திரங்களும் கூடுதலாக ஒரு பள்ளிப் பருவமும் சேர்ந்த 'ராயல்' பதிப்பு 2019 அக்டோபரில் ஜப்பானுக்கும், 2020 மார்ச் இறுதியில் உலகத்துக்கும் வந்தது. நான் முதலில் பிளேஸ்டேஷன் 4-இல் விளையாடினேன். 2022-இல் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்த பிறகு அதில் மீண்டும் தொடங்கினேன். இத்தனை காலம் கூடவே வைத்துக்கொண்டு விளையாடியதில் என் மதிப்பீடு சில இடங்களில் கூடியிருக்கிறது, சில இடங்களில் நன்றாகவே குறைந்திருக்கிறது.

கூடியது நாட்காட்டியைப் பற்றிய மதிப்பீடு. விளையாடுபவர்களில் ஒரு பெரிய கூட்டம் இந்தக் கேமை அட்டவணை வைத்துக்கொண்டு விளையாடுகிறது. ஏப்ரல் முதல் கடைசி நாள்வரை எந்தத் தேதியில் யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொல்ல வேண்டும் என்று வரிவரியாக எழுதிவைத்த வழிகாட்டிகள் உண்டு. அதன்படி நடந்தால் எல்லா நட்புகளையும் ஒரே ஆட்டத்தில் உச்சிக்குக் கொண்டுபோய்விடலாம். முடியும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கேமின் உயிரே அதில் போய்விடுகிறது என்பது என் கட்சி. இன்று மாலை பள்ளி நண்பன் ரியூஜி கூப்பிடுகிறான், தோழி ஆனும் கூப்பிடுகிறாள், நாளை மறுநாள் பரீட்சை. ஒருவரைத் தேர்ந்தால் மற்றவரை இழக்க வேண்டும். இந்த இழுபறிதான் அந்த மாணவனின் வாழ்க்கை. அட்டவணை கையில் இருந்தால் அது கணக்குப்பிள்ளை வேலையாகிவிடுகிறது.

சின்னச் சின்ன நேரக் கொடைகளைக் கேம் ஒளித்து வைத்திருப்பதும் இதனால்தான் இனிக்கிறது. காலையில் பள்ளிக்குப் போகும் ரயில் பெரும்பாலும் நெரிசலாக இருக்கும். தொங்கிக்கொண்டுதான் போக வேண்டும். சில நாட்களில் மட்டும் உட்கார இடம் கிடைக்கும். அப்போது பையிலிருக்கும் புத்தகத்தை எடுத்துப் படிக்கலாம். மாலையும் கழியாது, இரவும் கழியாது. அந்த இருக்கை கிடைத்த காலையில் எனக்கு வந்த மகிழ்ச்சியைப் பெரிய வில்லன்களை வீழ்த்தியபோதுகூட நான் அடைந்ததில்லை. மழை நாளில் படித்தால் அறிவு கூடுதலாக வளரும் என்பதும் இந்த வகைதான். வானிலை அறிவிப்பைப் பார்த்துத் திட்டம் போடும் அளவுக்குக் கேம் நம்மை மாற்றிவிடுகிறது.

நட்புத் தொடர்களை இங்கே 'கான்ஃபிடன்ட்' என்கிறார்கள். அவற்றில் வகுப்பாசிரியை கவகாமியின் தொடர் என்னை மிகவும் பாதித்தது. பகலில் சலிப்பும் அலுப்புமாகப் பாடம் நடத்துகிற இந்த அம்மாள், இறந்துபோன ஒரு மாணவனின் காப்பாளர்கள் குற்ற உணர்ச்சியைத் தூண்டிப் பறிக்கிற பணத்துக்காக, இரவில் வீட்டுவேலைப் பெண்ணாக வேடமிட்டு வேலைக்குப் போகிறார். அவருடன் நெருங்கினால் நமக்குக் கிடைக்கும் பரிசும் நேரமே: பேலஸுக்குள் போய்க் களைத்து வந்த இரவிலும் வேறொரு காரியம் செய்ய முடியும். கதையும் கணக்கும் ஒன்றுக்கொன்று இவ்வளவு இயல்பாகப் பொருந்தும் கேம்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த ஆசிரியையையே மாணவன் காதலிக்கலாம் என்று ஒரு வழி வைத்திருப்பது வேறு விஷயம். அதைப் பலரும் கண்டித்திருக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

மூலப் பதிப்பைவிட ராயல் நேரத்தில் தாராளமானது. சண்டையும் இலகுவாகியிருக்கிறது. முன்பு துப்பாக்கிக் குண்டுகள் ஒரு தடவை உள்ளே போனால் அந்தத் தடவைக்கு அவ்வளவுதான். ராயலில் ஒவ்வொரு சண்டைக்கும் நிரம்பிவிடுகின்றன. எதிரியின் பலவீனத்தில் அடித்துவிட்டு அடுத்தவனுக்கு முறையைக் கைமாற்றும் 'பேட்டன் பாஸ்' முன்பு நட்பு வளர்ந்த பிறகுதான் கிடைக்கும். இப்போது தொடக்கத்திலிருந்தே எல்லோருக்கும் உண்டு. கஷ்டத்தை விரும்புபவர்கள் இதற்காகக் கோபிக்கிறார்கள். இருப்பதிலேயே கடினமான நிலை என்று பெயர் வாங்கிய 'மெர்சிலெஸ்'ஸில் பலவீனத்தில் விழும் அடி இரு தரப்புக்குமே மூன்று மடங்கு என்பதால், முந்தி அடிக்கத் தெரிந்தவர்களுக்கு அது 'ஹார்ட்' நிலையைவிடச் சுலபம் என்ற பேச்சும் பரவலாக இருக்கிறது. விளையாடிப் பார்த்ததில் எனக்கும் அப்படியே தோன்றியது. முதல் முறை விளையாடுபவர்கள் 'நார்மல்' எடுத்தால் போதும்.

ஒகுமுரா என்ற வில்லன் மட்டும் விதிவிலக்கு. விண்வெளி நிலையமாகத் தோன்றும் அந்த பேலஸின் கடைசிச் சண்டையில் முப்பது நிமிடக் கெடு. அலை அலையாக ரோபோக்கள் வரும். ஒரு கூட்டத்தைச் சட்டென்று மொத்தமாக ஒழிக்காவிட்டால் மிஞ்சியவை ஓடிப்போய், அதே கூட்டம் முழு பலத்துடன் திரும்பி வரும். ராயலில் இதை மாற்றியமைத்து இன்னும் கடுமையாக்கினார்கள். அதுவரை ஏனோதானோவென்று பட்டனைத் தட்டி வந்தவர்கள் இங்கே வந்து மாட்டிக்கொள்வதால், வசைபாட்டு வாங்குவதில் இந்தச் சண்டைக்குத்தான் முதலிடம். அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். பேட்டன் பாஸைக் கற்றுக்கொண்டாயா என்று கேம் கேட்கும் ஒரே உண்மையான பரீட்சை அது. மற்ற சண்டைகளில் ஏன் கேட்கவில்லை என்பதுதான் என் குறை.

இனி ராயலின் பெரிய விஷயம், மூன்றாம் பருவம். கதை தெரியாமல் விளையாட விரும்புபவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிவிடுங்கள். ஆனால் இந்த ஒரு வரியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: பள்ளி ஆலோசகர் மருகியின் தொடரை நவம்பர் 18க்கு முன் ஒன்பதாம் நிலைக்குக் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் கேமின் மிகச் சிறந்த பகுதி உங்களுக்குத் திறக்கவே திறக்காது. துப்பறியும் இளைஞன் அகெச்சியின் தொடர் நவம்பர் 24க்கு முன் எட்டு, ராயலில் புதிதாக வந்த மாணவி கசுமியுடையது டிசம்பர் 18க்கு முன் ஐந்து. இந்த நிபந்தனைகளைக் கேம் எங்கேயும் நேராகச் சொல்வதில்லை. மருகியுடன் சீக்கிரம் பேசிவிடுங்கள் என்று ஜாடை காட்டுவதோடு சரி. அட்டவணை வேண்டாம் என்று வாதாடும் என் போன்றவர்களின் காலை வாரிவிடும் இடம் இது. இயல்பாக விளையாடுங்கள், எதை இழந்தாலும் பரவாயில்லை என்று எட்டு மாதம் பழக்கிவிட்டு, இயல்பாக விளையாடியவனின் முகத்தில் கதவைச் சாத்துவது என்ன நியாயம்?

கதவு திறந்தவர்களுக்குக் கிடைப்பது வேறொரு தரத்திலான கதை. புத்தாண்டு பிறக்கிறது; எல்லோருடைய துயரமும் துடைக்கப்பட்டிருக்கிறது. நாயகனின் கூட்டாளி ஃபுதாபாவுக்கு இறந்துபோன தாய் திரும்பக் கிடைத்திருக்கிறாள். இன்னொரு கூட்டாளி ஹாருவின் இறந்த தந்தை உயிருடன் இருக்கிறார். கால் முறிந்து ஓட்டத்தை விட்ட ரியூஜி மறுபடி ஓடுகிறான். பேசும் பூனை மோர்கனா மனிதனாகவே எழுந்து நிற்கிறான். இதைச் செய்தவர் மருகி, அதுவும் வஞ்சகமே இல்லாமல், மனிதர்கள் கஷ்டப்படக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில். பிப்ரவரி தொடக்கத்தில் அவர் நேரில் வந்து கேட்கிறார்: இதை ஏற்றுக்கொள்கிறாயா? ஏற்றுக்கொண்டாலும் ஒரு முடிவு உண்டு. அதில் எல்லோரும் சிரிக்கிறார்கள். விளையாடியவர்களிடையே இன்றுவரை ஓயாத வழக்கு இது. மருகி சொல்வதில் என்ன தப்பு என்று கேட்பவர்கள் கணிசம். அவர்களுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அகெச்சியிடம் இருக்கிறது. தான் உயிருடன் இருப்பதே மருகியின் தயவாக இருக்கலாம் என்று தெரிந்த பிறகும், இன்னொருவர் எழுதித் தந்த வாழ்க்கை தனக்கு வேண்டாம் என்கிறான் அவன். கொலைகாரனின் வாயால் அதைச் சொல்லவைத்த துணிச்சலுக்காகவே இந்தக் கதாசிரியர்களை நான் மெச்சுவேன்.

அதே கதாசிரியர்கள்தான் ஆன் விஷயத்தில் அப்படி நடந்துகொண்டார்கள் என்பதை நம்புவது கடினம். முதல் பேலஸ் முழுக்க, மாணவிகளின் உடலைத் தன் உடைமையாக நினைக்கும் ஓர் ஆசிரியனின் அக்கிரமம். ஆனின் தோழி மாடியிலிருந்து குதிக்கும் அளவுக்கு அது போகிறது. அடுத்த பேலஸிலேயே, ஓவியன் யூசுகேவுக்கு நிர்வாண மாடலாக நிற்கும்படி அதே ஆனை நண்பர்களே தள்ளுகிறார்கள், திட்டத்துக்குத் தேவை என்று. அவள் துணிக்கு மேல் துணியாகப் போட்டுக்கொண்டு வந்து நேரத்தைக் கடத்துவது நகைச்சுவையாக வைக்கப்பட்டிருக்கிறது. முதல் முறை நானும் கடந்து போனேன். மறுமுறை விளையாடும்போது எரிச்சல்தான் வந்தது. ஓரினச்சேர்க்கையாளர்களைக் கேலிப்பொருளாக்கிய இரண்டு காட்சிகளின் வசனங்களை ராயலின் ஆங்கிலப் பதிப்பில் திருத்தினார்கள். ஆனுக்கு அந்தக் கரிசனம் கிடைக்கவில்லை.

நம்மவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். நாயகன் போரில் அழைக்கும் 'பெர்சோனா'க்கள் உலகப் புராணங்கள் எல்லாவற்றிலிருந்தும் வருபவை. கணேசரும் லட்சுமியும் விஷ்ணுவும் கருடனும் இருக்கிறார்கள். பாலித் தீவின் ரங்டாவையும் பாரோங்கையும் இணைத்தால் சிவன் வருவார். சிவனையும் பார்வதியையும் இணைத்தால் 'அர்தா', அதாவது நம் அர்த்தநாரீஸ்வரர். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இணைக்கும் முறை கில்லட்டின்: இருவரையும் துணி போர்த்தித் தலைவெட்டும் மேடையில் நிறுத்துவார்கள், கத்தி இறங்கும், புதியவர் எழுவார். பெர்சோனாக்களை இணைக்கும் இடமான வெல்வெட் அறை இந்தப் பாகத்தில் சிறைச்சாலை என்பதால் அந்த ஏற்பாடு. யாரையும் புண்படுத்தும் நோக்கம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. என்றாலும் வீட்டில் பெரியவர்கள் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது அந்த இணைப்பைச் செய்யாமல் இருப்பது நல்லது.

தமிழில் வசனம் கிடையாது. ஆங்கில எழுத்தைச் சரளமாக வாசிக்க முடிய வேண்டும், ஏனென்றால் வாசிப்பதற்கு மலைபோல் இருக்கிறது. குரலை ஜப்பானிய மொழிக்கு மாற்றிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் விளையாடுகிறேன். எந்தக் கருவியில் வாங்குவது என்று கேட்டால் ஸ்விட்ச் என்பேன். ஒரு நாளை விளையாடி முடித்துவிட்டு மூடிவைக்க வாகான கேம் இது. படம் சற்று மங்கலாகத் தெரிவது கையில் வைத்திருக்கும்போது உறுத்துவதில்லை. 2022-இல் வந்த பதிப்புகளில் முன்பு தனியாக விற்ற பெர்சோனாக்களும் சேர்ந்தே வருகின்றன. அவற்றில் சில ஆரம்பத்திலேயே சண்டையைக் கேலிக்கூத்தாக்கும் அளவுக்கு வலுவானவை. முதல் ஆட்டத்தில் தொடாதீர்கள்.

நூறு மணி நேரத்துக்குக் குறையாமல் கேட்கும் கேம் என்பதால் முழு விலை கொடுக்கத் தயங்குபவர்கள் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம். அது அடிக்கடி வருகிறது. தொடக்கம் மந்தம், முதல் சில மணி நேரம் கேமே கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகும், நாயகனுடன் இருக்கும் பேசும் பூனை வேறு இன்று தூங்கு என்று அதட்டிக்கொண்டே இருக்கும். கமோஷிடாவின் கோட்டை முடியும்வரை பொறுத்துப் பாருங்கள். அதற்குள் நாட்காட்டியைப் பார்த்து ஒரு முறையாவது உங்களுக்குப் பதற்றம் வரவில்லையென்றால், மீதியையும் விளையாட வேண்டாம்.