அவர் கோபித்தால் விசா என்னாகும்? நாலு பேச்சுக்கால், ஓர் அலசல்

வெள்ளவத்தையில் அக்கா வீட்டு மேசையில், அவளுடைய மகளுக்குப் பேசிவந்த நாலு மாப்பிள்ளைமாரின் சாதகக் குறிப்புகள் இப்போது கிடக்கின்றன. லண்டன் ஹரோவில் கணக்காளராக இருப்பவர் ஒருவர். ஸ்காபரோவில் சொந்தமாக லொறி ஓட்டுபவர் ஒருவர். ஸ்ருட்கார்ட்டில் பிறந்து வளர்ந்த பொறியியலாளர் ஒருவர். நாலாமவர் கனடியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு டோஹாவில் வேலை செய்கிறார். நாலு பேருக்கும் பொருத்தம் நல்லதென்று சாத்திரியார் சொல்லிவிட்டார். பெறாமகள்தான் குறிப்புகளை ஓரமாகத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சின்னம்மா, செவ்வாயைப் பிறகு பாப்பம். போன இடத்தில ஒத்துவராட்டி என்ர விசா என்னாகும்?"

அக்காவுக்கு முகம் கறுத்துவிட்டது. நல்ல காரியம் பேசுகிற நேரத்தில் இதென்ன கேள்வி என்று. எனக்கென்றால் சந்தோஷம். சொந்தக்காரருக்கும் அயலட்டைக்கும் ஸ்பொன்சர் படிவம் நிரப்பிக் கொடுத்துக் கொடுத்தே எனக்குக் கண் மங்கிவிட்டது. இத்தனை காலத்தில் எல்லோரும் கேட்டது "எத்தனை மாசத்தில போகலாம்?" என்பதைத்தான். போன பிறகு யாருடைய தயவில் நிற்கப்போகிறோம் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

முதலில் லண்டன், அக்காவின் கண் அங்கேதான் இருக்கிறது என்பதால். பிரித்தானியாவில் துணையை அழைப்பவர் ஆண்டுக்கு 29,000 பவுண் உழைக்க வேண்டும். 2012 முதல் 18,600 ஆக இருந்த தொகை, 2024 ஏப்ரலில் ஒரேயடியாக இப்படி ஏறியது. கணக்காளருக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் பெறாமகள் இங்கே வங்கியில் வாங்கும் சம்பளத்துக்கு அந்தக் கணக்கில் ஒரு சதப் பெறுமதியும் கிடையாது. வெளியிலிருந்து விண்ணப்பிக்கும்போது அழைப்பவரின் உழைப்பு மட்டுந்தான் எடுபடும். உழைப்பே இல்லாமல் சேமிப்பைக் காட்டிப் போவதென்றால் 88,500 பவுண், அதுவும் ஆறு மாதம் கையில் இருந்த பணமாக இருக்க வேண்டும். கட்டணமும் லேசில்லை. 2025 ஏப்ரலில் விண்ணப்பத்துக்கு 1,938 பவுண், சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 வீதம் மூன்று ஆண்டுக்கு 3,105. வக்கீல் செலவு, காசநோய்ப் பரிசோதனை, ஆங்கிலப் பரீட்சை சேர்க்காமலே ஐயாயிரம் பவுண் தாண்டிவிடும்.

இவ்வளவும் கட்டினால் கையில் வருவது 2 ஆண்டு 9 மாத விசா. போன நாளிலிருந்தே வேலை செய்யலாம், அது நல்லது. பிறகு இன்னொரு இரண்டரை ஆண்டுக்குப் புதுப்பித்து, ஐந்து ஆண்டு முடிந்தபின்தான் நிரந்தர வதிவிடம் கேட்கலாம். அதற்குள் ஆங்கிலம் ஏ1 என்ற ஆரம்ப நிலையிலிருந்து ஏ2, பி1 என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். அந்த ஐந்து ஆண்டும் விசா கலியாணத்தின் முதுகில்தான் சவாரி. பிரிந்தால் உள்துறை அமைச்சு விசாவைச் சுருக்கிவிடலாம். வீட்டு வன்முறைக்கு ஆளானவர்கள் நிரந்தர வதிவிடம் கேட்கத் தனி வழி உண்டு, அதை எல்லாப் பெண்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மற்றபடி "ஒத்துவரேல்லை" என்ற காரணத்துக்கு அங்கே பதில் இல்லை.

கனடா வேறு மாதிரி. துணையை மட்டும் அழைப்பதென்றால் பொதுவாக வருமான வரம்பே கிடையாது. அழைப்பவர் அரச உதவிப் பணத்தில் வாழக்கூடாது, அவ்வளவுதான், இயலாமைக்கான உதவி அதில் சேராது. மொழிப் பரீட்சையும் இல்லை. 2024 ஏப்ரல் கடைசியில் கட்டணம் 1,205 கனடிய டொலராக ஆனது, அதோடு கைரேகைக்கு 85. எனக்குப் பெரிதாகப் படுவது இதொன்றும் இல்லை. விமான நிலையத்தில் இறங்கும்போதே நிரந்தர வதிவிடம் கையில் இருக்கும் என்பதுதான். 2012 முதல் 2017 வரை, துணையோடு இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ்ந்தால்தான் வதிவிடம் நிலைக்கும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. கொடுமைக்கு உள்ளான பெண்களை அது வீட்டுக்குள் கட்டிப்போடுகிறது என்ற குரல் எழுந்து, 2017 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். இப்போது உண்மையான கலியாணம் பிறகு முறிந்தாலும் வதிவிடம் அதோடு போகாது. அதைவிட, துணையின் அடிப்படைச் செலவுக்கு மூன்று ஆண்டு பொறுப்பு என்று அழைப்பவர் கையெழுத்து வைக்கிறார். விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு கழராது. லொறிக்காரர் இதை வாசித்தாரோ தெரியாது!

ஆனால் இரண்டு முடிச்சு உண்டு. தொலைபேசியிலோ இணையத்திலோ, பதிலாள் வைத்தோ செய்த கலியாணத்தை 2015 ஜூனிலிருந்து கனடா ஏற்பதில்லை, இருவரும் நேரில் நிற்க வேண்டும். ஸ்பொன்சரில் போனவர் ஐந்து ஆண்டுக்கு வேறொரு துணையை அழைக்கவும் முடியாது. மொன்றியல் மாப்பிள்ளை என்றால் கியூபெக் மாகாணத்தின் தனிச் சட்டமும் வரும், அது வேறு கதை.

டோஹாக்காரரைப் பற்றி அக்கா "அவர் கனடாவிலயே இல்லையே" என்று உதட்டைப் பிதுக்கினாள். அப்படியில்லை. கனடாவில் நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ளவர் அங்கே இருந்துதான் அழைக்க வேண்டும், பிரஜை வெளிநாட்டில் இருந்தபடியே அழைக்கலாம். துணைக்கு வதிவிடம் கிடைத்ததும் தானும் கனடாவில் குடியேறுவேன் என்று நம்பும்படி காட்ட வேண்டும், அதாவது வேலைக்குப் பேசியது, வீடு பார்த்தது போன்ற ஏதாவது. வதிவிடத்தைக் காப்பாற்ற ஐந்து ஆண்டில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. பிரஜையான கணவருடன் வெளியில் வாழும் நாட்களும் அதில் சேரலாம். பிரஜாவுரிமைக்கு வேண்டிய 1,095 நாளில் அவை சேரா. இதே டோஹா மனிதர் பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரராக இருந்திருந்தால், டோஹாச் சம்பளம் மட்டும் போதாது, பிரித்தானியாவில் மூன்று மாதத்துக்குள் தொடங்கும் வேலைக்கும் கடிதம் காட்ட வேண்டியிருக்கும்.

ஜேர்மனிக்குப் பூட்டு வாசலிலேயே இருக்கிறது. 2007 முதல், போக முன்னரே ஏ1 ஜேர்மன் சித்தியடைய வேண்டும். கொழும்பு 7 கோதே நிறுவனத்தில் பரீட்சை. கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு நாலும் சேர்த்து நூற்றுக்கு அறுபது எடுத்தால் போதும். வங்கி முடிந்து பின்னேர வகுப்புக்குப் போகிற பெட்டைக்கு அது நடக்காத காரியம் இல்லை. ஜேர்மன் பிரஜையின் துணைக்கு வழமையாக வருமான வரம்பு கேட்பதில்லை. முதல் அனுமதி பொதுவாக மூன்று ஆண்டு. மூன்று ஆண்டு சேர்ந்து வாழ்ந்தபின் பிரிந்தால் தனக்கென்று தனி வதிவிட உரிமை உண்டு, கொடுமை நடந்தால் அதற்கு முன்னரும் கேட்கலாம். 2024 ஜூன் 27 முதல் இலங்கைப் பிரஜாவுரிமையைக் கைவிடாமலே ஜேர்மன் பிரஜையாகவும் அந்த நாட்டுச் சட்டம் விடுகிறது. லண்டனைவிட இது மேல் என்பது என் எண்ணம். லண்டனில் மாமிமார் இருக்கிறார்கள், அக்காவுக்கு அதுதான் விசா.

கொழும்பிலேயே குடியிருந்தால் என்ன என்று பெறாமகள் ஒரு தடவை கேட்டாள். மாப்பிள்ளை இங்கே வரலாம். இலங்கையரின் துணைக்கு வதிவிட விசா உண்டு, ஓராண்டு இங்கே வாழ்ந்தபின் 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 11 ஆம் பிரிவின்படி பதிவுக்கும் கேட்கலாம், கொடுப்பதும் விடுவதும் அமைச்சரின் விருப்பம். முன்பு இலங்கையராக இருந்தவர் இரட்டைப் பிரஜாவுரிமை எடுப்பது நேரான வழி. பாராளுமன்றம் போகும் ஆசை மட்டும் கூடாது, 2022 இன் 21 ஆம் திருத்தம் அந்தக் கதவை மறுபடி மூடிவிட்டது.

எந்த நாடானாலும் இங்கே ஒரு வேலை இருக்கிறது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் இலங்கையரோடு எழுத்து, அதாவது சட்டப்படி கலியாணப் பதிவு, எழுத, 2022 ஜனவரி முதல் பாதுகாப்பு அனுமதி அறிக்கை கேட்கும் நடைமுறை வந்தது. மாப்பிள்ளை இரண்டு கிழமை லீவில் வந்திறங்குவார், இன்றும் கேட்டால் அறிக்கை அவருடைய லீவைப் பார்த்து வராது. டிக்கெட் போட முன்னரே மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் இன்றைய நிலைமையைக் கேட்டுவிடுங்கள். இன்னொன்று, எங்களுடைய வழக்கம். எழுத்து முதலில், தாலி ஒரு வருடம் கழித்து. எழுத்துப் படத்தில் பத்துப் பேர், கூறையும் இல்லை மேளமும் இல்லை. விசா அலுவலர் கண்ணுக்கு அது அவசரத்தில் செய்த கலியாணமாகத் தெரியும். அதனால் நான் நிரப்பும் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும், எழுத்து என்றால் என்ன, தாலி ஏன் பிந்துகிறது, யார் யாரைப் பார்த்துப் பேசி முடித்தார்கள் என்று ஒரு பக்கக் கடிதம் வைக்கிறேன்.

பெறாமகளுக்கு நான் சொன்ன வரிசை: ஸ்காபரோ, பிறகு ஸ்ருட்கார்ட், கடைசியில் ஹரோ. டோஹாவை எங்கே வைப்பதென்பது அவருடைய பதிலைப் பொறுத்தது. நேற்றிரவு அவளே அவருக்கு எழுதிவிட்டாள்: எப்போது கனடாவுக்குத் திரும்புவீர்கள், அதற்கு உங்களிடம் என்ன கடிதம் இருக்கிறது? அக்கா நாலு குறிப்பையும் சாமித்தட்டில் வைத்திருக்கிறாள், லண்டன் மேலே இருக்கும்படி.